போறணையில் வெந்த அரியதரம்

இலை விழத் தொடங்கினால் இந்த நாட்டில் எல்லா பேக்கரி வாசலிலும் ஒரே மணம். அப்பிள், கறுவா, கராம்பு, உருகும் சீனி. குளிரில் வருகிறவர்கள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைவார்கள். நான் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போவேன். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். கூட வருகிறவர்கள் கேட்டால், இனிப்பு ஒத்துவராது என்று சொல்லிவிடுவேன். அது பொய். அந்த மணத்துக்குள் ஒரு மனுஷி கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் சாப்பிடுகிறார். அந்த முகத்தைத்தான் நான் கடக்க முடியாமல் தெருவைக் கடக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த ஒரு நகரம். பழைய பள்ளிக்கூடம் ஒன்றைப் பலகை வைத்து மறித்து அறைகளாக்கி எங்களை வைத்திருந்தார்கள். அகதிகள் விடுதி. நாங்கள் 'ஹைம்' என்போம். வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டக் கடிதம் வேண்டும். கிழமைக்கு ஒருதரம் பெட்டியில் சாமான் வரும்: மா, மாஜரின், சீனி, தகரத்தில் அடைத்த மீன். மீன் தகரத்தை நானும் அக்காவும் அடுத்த அறைக்குக் கொடுத்துவிட்டு மாஜரின் வாங்கிக்கொள்வோம். இரண்டு பேரும் பிறந்ததில் இருந்து மச்சம் மாமிசம் தொடாதவர்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தனியே வந்த பெண்கள் என்று எங்கள் இருவருக்கும் ஒரே அறையைத் தந்திருந்தார்கள், அவ்வளவுதான் உறவு. எனக்கு இருபத்து நாலு வயது, அவருக்கு முப்பத்தொன்று. அவர் முதலில் வருவது, காணியை விற்றுவிட்டுக் கணவர் பின்னால் வருவது என்று ஏற்பாடு. அக்கா பங்குனியில் வந்து சேர்ந்தார். ஆடியில் ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பு. கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முகாம் வேலிக்குள் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதம் வந்தால் அதில் அவர் இல்லை.

அந்தப் புரட்டாசியில் அக்கா கேதாரகௌரி விரதம் தொடங்கினார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு. கடைசி நாள் அமாவாசை. கும்பம் வைத்து, எண்ணெயில் பொரித்த இருபத்தொரு அரியதரப் பணியாரம் படைத்து, இருபத்தொரு முடிச்சுப் போட்ட மஞ்சள் நூலைக் கையில் கட்டுவது. கணவனுக்காகப் பெண்கள் பிடிக்கிற விரதம். எடுத்தால் விடக் கூடாது, குறை வைக்கக் கூடாது என்பார்கள். அக்கா கலியாணம் கட்டிய வருடத்தில் இருந்து விடாமல் பிடித்து வந்தவர். அந்த வருடம் அது அவருக்கு வெறும் விரதம் இல்லை. ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு மனிதனை உயிரோடு வைத்திருக்க அவர் கையில் இருந்த ஒரே வேலை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை அப்போதும் பெரிதாக இல்லை.

"சாமிக்கு ஜெர்மனிக்கு வர விசா கிடைச்சிட்டுதோ அக்கா?"

"உமக்குக் கிடைச்சிட்டுதே? சும்மா இருந்து அந்த நூலைப் பிடியும்."

பிடித்தேன். ஒவ்வொரு முடிச்சையும் அவர் வாய்க்குள் எண்ணிப் போட்டார். தறி நூல் இல்லை. தபால் கந்தோரில் கிடைத்த பார்சல் நூலைப் பிரித்து மஞ்சளில் தோய்த்தது.

அரியதரத்தில்தான் சிக்கல் வந்தது. ஹைமில் பொரிக்கத் தடை. போன மாதம் யாரோ வடை பொரித்த புகைக்குத் தீ மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, முழுப் பேரும் வெறுங்காலோடு முற்றத்தில் நின்றோம். அன்றைக்கே மேற்பார்வையாளர் ஒரு சட்டியைத் தாளில் கீறி அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்துக் குசினிக் கதவில் ஒட்டிவிட்டார். எண்ணெய் இல்லாமல் அரியதரம் ஏது? அக்கா மூன்று நாள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வழி பின்வீட்டில் இருந்து வந்தது. ஹைமுக்குப் பின்னால் சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய சின்னச் செங்கல் வீடுகள் வரிசையாக நின்றன. ஆகக் கிட்ட இருந்த வீட்டில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத் தக்க ஒரு ஜெர்மன் பெண். தனியாள். தோட்டத்தில் இரண்டு அப்பிள் மரம், ஒரு பிளம்ஸ் மரம். காய்க்கத் தொடங்கியதில் இருந்து நாள் தவறாமல் ஒரு வாளி அப்பிளை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார். நாங்கள் அவருக்கு 'அப்பிள் அன்ரி' என்று பெயர் வைத்திருந்தோம். அப்பிள் சம்பல், அப்பிள் குழம்பு, வெயிலே இல்லாமல் அப்பிள் வத்தல் எல்லாம் நடந்தது. அடுத்த அறை அண்ணை ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னும் ஒரு கிழமை போனால் எங்களை வெட்டினாலும் உள்ளுக்கை அப்பிள் கொட்டைதான் கிடக்கும்" என்றார்.

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒரு பின்னேரம் அந்த வீட்டுக் குசினியில் கேக் சுடும் போறணையைக் கண்டேன். அதன் கதவைத் திறந்து எனக்கென்று ஒரு தட்டு அப்பிள் கேக்கை வெளியே எடுத்தார் அன்ரி. கறுவா மணம் முகத்தில் அடித்தது. மூன்று மாத வகுப்பில் படித்த ஜெர்மன் மொழியை வைத்துக்கொண்டு, கைகளாலும் சேர்த்து, என் சிநேகிதிக்கு ஒரு பூசைக்கு இருபத்தொரு சின்னக் கேக் சுடவேண்டும் என்றேன். ஏன் இருபத்தொன்று என்று கேட்டார். எனக்கு ஜெர்மனில் தெரியவில்லை. தமிழிலும் சரியாகத் தெரியவில்லை. கணவருக்காக என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

அக்கா ஓர் இரவு யோசித்தார். சுட்டதைப் படைக்கலாமோ? பொரித்தது தானே முறை? விடிய எழும்பி, "நெருப்பு நெருப்புத்தானே. வட்டமாச் செய்வம்" என்றார். அரிசிமாவுக்குப் பதில் கோதுமை மாவும் ரவையும். சக்கரைப் பாணிக்குப் பதில் இந்தப் பகுதியில் சீனிக்கிழங்கை வற்றக் காய்ச்சி எடுக்கும் கறுத்தப் பாணி. பாணுக்குப் பூசுவதற்கென்று போத்தலில் வரும். அதை விரலில் தொட்டு நக்கிப் பார்த்த அக்காவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "பனங்கட்டியின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி" என்றார். அப்பிளைத் துருவி அந்தப் பாணியில் கிளறி, கறுவா, ஏலக்காய், சாதிக்காய் போட்டு இறுக்குவது. முட்டை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை இங்கே இறந்தவர்களின் கல்லறைக்கு விளக்கு வைக்கும் நாள். கடைகள் எல்லாம் பூட்டு. அடுத்த நாள் ஞாயிறு, எங்கள் அமாவாசை. அக்கா குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்தார். அன்ரி கறுப்புக் கோட்டுப் போட்டு, தன் தாய் தகப்பனுக்குக் கொண்டுபோகும் சிவப்பு விளக்குகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு நின்றார். போறணையை எப்படிக் கொளுத்துவது என்று காட்டினார். குசினியையும் நிலவறைக்கு இறங்கும் படிகளையும் கையால் சுற்றிக் காட்டி, வேண்டியதை எடுங்கள், கேட்கத் தேவையில்லை என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முன்பின் தெரியாத இரண்டு வெளிநாட்டுப் பெண்களிடம் முழு வீட்டையும் விட்டுவிட்டு ஒரு மனுஷி சுடலைக்குப் போகிறார். ஊர் விட்டு வந்த பிறகு பூட்டாத கதவு ஒன்றின் உள்ளே நாங்கள் நின்றது அன்றைக்குத்தான். அக்கா கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் நின்றார்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை. ஒரு குசினி எப்பிடி இருக்குமெண்டு மறந்து போனன்."

முதல் இருபத்தொன்றையும் நான் கரியாக்கினேன். எண்ணெய் நன்றாகக் கொதித்தால்தான் அரியதரம் என்ற நினைப்பில் போறணையின் திருகை ஆகக் கூடிய இலக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். பாணி போட்ட மா, பொங்கிக் கறுத்தது. கதவைத் திறந்தபோது புகை. அக்கா தட்டைப் பார்த்தார்.

"சகுனம் சரியில்லைப் பிள்ளை."

"சகுனமுமில்லை ஒண்டுமில்லை. அடுப்புப் பழக்கமில்லை, அவ்வளவுதான். திரும்பிச் செய்வம்."

மா இருந்தது. அப்பிளுக்குக் குறைவே இல்லை. மாஜரின் முடிந்துவிட்டது. அன்ரியின் குளிர்ப்பெட்டியில் ஒரு துண்டு பட்டர், தீப்பெட்டி அளவு. பெருநாளில் அவருக்கென்று இருந்த அந்தத் துண்டைக் கரைக்க மனம் வரவில்லை. அது போதவும் போதாது. அக்கா, "பதினைஞ்சு வந்தாலும் காணுமோ?" என்று தனக்குள்ளேயே கேட்டு, "காணாது, காணாது" என்று தானே தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் நிலவறைப் படியில் இறங்கினேன்.

படியோரம் உருளைக்கிழங்கு. பழைய பேப்பர் விரித்து அப்பிள். அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறச் சாடி ஒன்று, வயிற்றில் நீலப் பூ வரைந்தது. மர மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்த எண்ணெய்.

எங்கள் ஊரில் மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் இப்படித்தான் உறைந்து நிற்கும். வெயிலில் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைப்போம். வெள்ளையாக உறையும் கொழுப்பு வேறு ஒன்றும் உலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் குசினிக்குள் அது வந்ததே இல்லை. போதாததற்கு, இந்த நாட்டுக் கடைகளிலும் தேங்காய்க் கொழுப்பு வெள்ளைக் கட்டியாக விற்பதைக் கண்டிருந்தேன். விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். குளிருக்கு மணம் எதுவும் தெரியவில்லை.

"என்னது பிள்ளை?"

"தேங்காயெண்ணெய் அக்கா. குளிருக்கு உறைஞ்சு போய்க் கிடக்கு."

அக்கா சாடியை இரண்டு கையாலும் வாங்கினார். ஹைமின் குளிர்த் தண்ணீரில் பாத்திரம் கழுவிக் கழுவி அவர் கை வெடித்துக் கோடு கோடாகக் கிடந்தது. நுனி விரலால் கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் தேய்த்தார். வெடிப்புக்குள் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மாவைக் குழைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் தரம் நான் போறணைக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தேன். திருகு மூன்றில். கண்ணாடி வழியே இருபத்தொரு வட்டங்களும் மெல்ல மெல்ல நிறம் மாறின. கறுவா முதலில் வந்தது, அப்பிள் பின்னால் வந்தது, கடைசியாக ஏலக்காய். குசினி யன்னலுக்கு வெளியே பிளம்ஸ் மரம் கடைசி இலைகளை உதறிக்கொண்டு நின்றது. அக்கா மேசையில் தலை வைத்து, இருபது நாள் விரதத்தின் களைப்பில், குழந்தை மாதிரி உறங்கிப்போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் நான் முதன்முதல் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணித்தியாலம்தான்.

ஞாயிறு பின்னேரம் அறையில் பூசை. போத்தல்தான் கும்பம். குத்துவிளக்குக்குப் பதில் மெழுகுதிரி. அண்ணை எங்கிருந்தோ ஒரு தேங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வழுக்கலா முற்றலா எண்டு என்னட்டைக் கேட்காதேங்கோ, அது கப்பலிலை வந்தது" என்றார். அக்கா நூலைக் கட்டினார். எனக்கும் ஒன்று கட்டிவிட்டார், வேண்டாம் என்று சொல்லவிடவில்லை. பிறகு படைத்ததில் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, முதல் வாய் சாப்பிட்டார்.

"ஊரிலைகூட எனக்கு இவ்வளவு மெதுமையா வந்ததில்லைப் பிள்ளை" என்றார். "அவர் வந்தாப் பிறகு இப்பிடித்தான் சுடவேணும்."

திங்கட்கிழமை காலை ஐந்து அரியதரத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அப்பிள் அன்ரியிடம் போனேன். நின்ற நிலையிலேயே ஒன்றைக் கடித்தார். முகம் மலர்ந்தது. சாடியில் இருந்து எடுத்தீர்களா, நல்லது, அதுதான் இந்த மெதுமை, என் அம்மாவும் பட்டருக்குப் பதில் அதைத்தான் போடுவார் என்றார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். நாட்டுப்புறத்தில் இருக்கும் தன் தம்பி வருடம் ஒரு பன்றி வளர்ப்பதாகவும், அதன் கொழுப்பை அவன் மனைவி உருக்கி அனுப்புவதாகவும் அவர் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு விளங்க நேரம் எடுத்தது. ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது.

அன்ரி அலுமாரியைத் திறந்து ஒரு போத்தல் நிறைய அந்த வெள்ளைக் கொழுப்பை எடுத்து என் கையில் வைத்தார். உன் சிநேகிதிக்கு, அவளுடைய கைக்கும் நல்லது என்றார். வெடித்த கையை அவர் கவனித்திருக்கிறார்.

நான் நன்றி சொன்னேன். தெருமுனைக் குப்பைத் தொட்டி வரைக்கும் நடந்தேன். பேப்பரில் சுற்றி உள்ளே போட்டேன். பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். அது கொழுப்புக்காக இல்லை. நானும் மூன்று தின்றுதான் இருந்தேன், அதை உடம்பு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அறைக்குப் போனால் அக்கா, "மனுசிக்குப் பிடிச்சுதோ?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் சத்தி எடுத்தேன்.

கேட்டார். "பிடிச்சுது" என்றேன்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு அப்போது என்னிடம் நிறையக் காரணம் இருந்தது. பன்றிக் கொழுப்பால் ஒரு மனிதனின் உயிருக்கு ஒன்றும் ஆகாது, எந்தக் கடவுளுக்கும் அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சரிதான். ஆனால் விரதம் பிடித்தது நான் இல்லையே. நம்பாத ஒருத்தி, நம்புகிற ஒருத்தியின் வாய்க்குள் வைத்தது பெரிதில்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமையில் கடிதம் வந்தது. கணவரின் தம்பி எழுதியது. முகாமில் இறந்துவிட்டார். எப்போது, எப்படி என்று சொல்லவில்லை, உடம்பும் தரவில்லை. அக்கா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார். ஹைமில் சத்தம் போட்டு அழுதால் முறைப்பாடு வரும் என்று அவருக்குப் பயம்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அழுகை நின்றதும் எண்ணத் தொடங்கினார். கட்டிலில் இருந்தபடி அந்த இருபத்தொரு நாளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் நேரம் பிந்திச் சாப்பிட்டேனா? பார்சல் நூலை எடுத்தது பிழையா? முடிச்சை எண்ணும்போது யாரோ கதவைத் தட்டினார்களே, இருபதோடு விட்டுவிட்டேனா? கையில் இருந்த நூலை அவிழ்த்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முடிச்சு எண்ணுவார். இருபத்தொன்று வரும். நம்பமாட்டார். திரும்ப எண்ணுவார்.

"நீர் பக்கத்திலை நிண்டனீர்தானே பிள்ளை. நீர் சொல்லும். நான் எதிலை பிழை விட்டனான்?"

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அக்கா."

"பிழை இல்லாட்டி ஏன் பிள்ளை?"

அவர் தேடிய பதில் என் வாய்க்குள்தான் கிடந்தது.

சீனியை விட்டார். பிறகு உப்பை விட்டார். பிறகு ஒரு நேரச் சாப்பாட்டையும் பாதியில் வைத்தார். விட்ட பிழைக்குத் தண்டனை என்றார். மாசி நடுப்பகுதியில் மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடிக்க வேண்டி வந்தது. மருத்துவர் குளிசை கொடுத்தார். அவர் அதை விழுங்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். அண்ணை ஒரு நாள் பகிடியை எல்லாம் விட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, நீர் அறையிலை இருக்கிறனீர். இந்த மனுசி தன்னைக் கொஞ்சங் கொஞ்சமாச் சாக்காட்டுது. ஏதும் செய்யும்" என்றார்.

செய்ய என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சொன்னால் தன் மேல் வைத்திருக்கும் பழியை அவர் இறக்கி வைப்பார். ஆனால் அதோடு, தெரியாமல் பன்றிக் கொழுப்பைச் சாமிக்குப் படைத்துத் தானும் தின்றார் என்பதையும் தூக்கிக்கொள்ள வேண்டும். எது பாரம் கூட என்று எனக்கு நிறுக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே நாட்களைக் கடத்தினேன். உண்மையைச் சொன்னால், அவர் என்னை வெறுத்துவிடுவார் என்ற பயமும் இருந்தது. அதுதான் ஆகப் பெரிய கல்லாக இருந்தது.

தெற்கே ஒரு நகரத்தில் அக்காவின் தமையன் குடும்பம் இருந்தது. அங்கே மாறுவதற்கு அவர் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பங்குனியில் அனுமதி வந்தது. ஒரு கிழமை அவகாசம். புறப்பட்ட நாள் நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போனேன். மத்தியான ரயில். நல்ல வெயில், ஆனால் சூடில்லாத வெயில். பிளாற்பாரத்து வாங்குப் பலகையில் அவர் தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கோட்டுக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. அப்போதும் விரலால் மற்றக் கை மணிக்கட்டைத் தடவி, அங்கே இல்லாத முடிச்சுகளை எண்ணிக்கொண்டு இருந்தார்.

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாடியைச் சொன்னேன். படியில் இறங்கியதை, மணந்து பார்த்ததை, திங்கட்கிழமை கேட்டதை, குப்பைத் தொட்டியை, இத்தனை மாதமும் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசாமல் இருந்ததை. ஒன்றையும் அழகாக்கவில்லை. முடிந்ததும் அவர் காலடியில் குந்தி இருந்தேன். ஜெர்மன்காரர் இரண்டு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்கா தன் புறங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். அந்த வெடிப்புகள் எப்போதோ மூடியிருந்தன.

"அப்ப முடிச்சு இருபத்தொண்டும் சரி" என்றார்.

"சரி அக்கா."

"நாளும் சரி."

"எல்லாம் சரி. நான்தான்."

அவர் தலையாட்டினார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. மன்னிப்பைத் தேடினேன், அதுவும் இல்லை. பெரிய கணக்குப் போட்டுக் களைத்த ஒருவர் கடைசியில் பேனையை வைத்துவிட்ட மாதிரி ஒரு வெறுமை. பிறகு, "பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கே?" என்று கேட்டார். எனக்கென்று கொண்டுவந்தது, சீனி போட்டது. ஊற்றிக் கொடுத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்க முழுவதையும் குடித்தார். கோப்பையைத் திருப்பித் தரும்போது அவர் கை என் கையில் கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவுதான்.

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். அவர் யன்னலை இறக்கினார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பழி சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவர் பார்வை என்னைத் தாண்டி, நாங்கள் வந்த தெருப்பக்கம் போனது.

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. நல்லபடியாக இருக்கிறார், சாப்பிடுகிறார், தமையன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று இரண்டொரு முறை ஆள் மூலம் கேள்விப்பட்டேன். அப்பிள் அன்ரி ஒவ்வொரு இலையுதிர்காலமும் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். ஹைம் மூடப்படும் வரைக்கும் எத்தனையோ நாட்டுப் பெண்கள் அந்தப் போறணையில் தங்கள் தங்கள் பண்டிகையைச் சுட்டெடுத்தார்கள், சாவி எப்போதும் மேசையில் கிடந்தது. அந்தச் சாடியை மட்டும் நான் எல்லோருக்கும் முன்கூட்டியே காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அன்ரி போன பங்குனியில் காலமானார். அவர் உயிரோடு இருக்கும்வரை இதை எங்கும் எழுதுவதில்லை என்றிருந்தேன். தன் வாழ்க்கை இடிந்து கிடந்த நேரத்திலும் இன்னொருத்தியின் நல்ல மனம் உடைந்துவிடக் கூடாது என்று ஒரு மனுஷியால் நினைக்க முடிந்தது. கோபம் வரும்போதெல்லாம் நான் என்னை அளந்துபார்ப்பது இன்றைக்கும் அந்த யன்னலோரத்தில் வைத்துத்தான். ரயில் அசையத் தொடங்கியபோது அக்கா குனிந்து என்னிடம் சொன்னது இதுதான்:

"அந்த மனுசிக்கு இதைச் சொல்லிப்போடாதையும் பிள்ளை. தெரிஞ்சால் பாவம், அவ இனி ஒருத்தரையும் தன்ரை அடுப்படிக்கு விடப் பயப்பிடுவா."